சத்தமில்லாத செவ்வாய்க்கிழமை

போன செவ்வாய்க்கிழமை என் பள்ளிக்கூடத்தில் சத்தமே இல்லை. மோகனூர்ப் பக்கம் பதினோரு வருஷமாக வாத்தியார் வேலை பார்க்கிறேன், அப்படி ஓர் அமைதியைக் கண்டதில்லை. பெருமையாகத்தான் இருந்தது... அரை மணி நேரம்!

காரணம், எங்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளித் தலைமையாசிரியர். அங்கே எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பார்த்துவர ஆறு மாதம் சீமைக்குப் போயிருந்தார். திரும்பியதும் எங்களை நாமக்கல்லுக்கு வரவழைத்து இரண்டு நாள் லெக்சர் கொடுத்தார். சீமைப் பிள்ளைகள் நம் பிள்ளைகளைப் போல் கூச்சல் போட்டுப் படிப்பதில்லையாம். உதடு அசையாமல் மனசுக்குள்ளேயே படிக்கிறார்களாம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பாதி புரிந்தது. மீதி, செய்து பார்த்தால் புரியும் என்று நினைத்தேன்.

செய்து பார்த்தேன். வாய்ப்பாட்டைக்கூட வாய்திறக்காமல் படிக்கச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் செங்கோடன் வேர்க்க விறுவிறுக்க வாசலில் வந்து நின்றார். பள்ளிக்கு அடுத்த தோட்டத்தில் மாடு பூட்டிக் கவலையில் கிணற்றுத் தண்ணீர் இறைப்பவர். நாலாம் வகுப்புப் பாவாயியின் அப்பா.

"ஏனுங்க வாத்தியாருங்களே, இன்னிக்கு லீவுங்களா? சத்தத்தையே காணோமே!"

"லீவு இல்லீங்க. மனசுக்குள்ள படிக்கறாங்க."

செங்கோடன் உள்ளே எட்டிப் பார்த்தார். முப்பது பிள்ளைகள். முப்பது மூடிய வாய்.

"மனசுக்குள்ள படிச்சா எனக்கு எப்படீங்க தெரியும்? சும்மா குந்தியிருக்கறதுக்கு இங்க எதுக்குங்க? கடலைக்காட்டுல களைவெட்ட ஆளு பத்தலைங்க. பாவாயி, எந்திரி சாமி, போலாம்."

பாவாயி என்னைப் பார்த்தாள். சீமையில் இப்படி ஓர் அப்பா வந்து நின்றால் என்ன செய்வார்கள்? என் நோட்டில் அது இல்லை! அவள் சிலேட்டுப் பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வகுப்பில் மிஞ்சியிருந்த ஒரே பெண் அவள். ஒரு வாரம் களைவெட்டு என்று கூட்டிப் போன இரண்டு பெண்கள் அதற்கு முன்பே திரும்பி வராமல் போயிருந்தார்கள். மூன்றாவதையும் நானே அனுப்பி வைத்துவிட்டேனா?

சாயங்காலம் தோட்டத்துக்குப் போனேன். செங்கோடன் மாடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அமைதியாகப் படிப்பதன் அருமையை எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அதில்லைங்க. மாடு ஒரு நடை போயி வாரதுக்குள்ள அவ வாய்ப்பாட்டுல ஒரு வரி சொல்லிப்போடுவாங்க. நானும் கூடவே சொல்லுவனுங்க. பதிமூணேழு தொண்ணூத்தொண்ணு. பதினாறாம் வாய்ப்பாட்டுல பாதி வந்திருந்தனுங்க. நீங்க வாய மூடச் சொல்லிப்போட்டா நான் என்னங்க பண்றது?"

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. "நாளைக்கு வாய்ப்பாடு சத்தமாத்தானுங்க... பாவாயிய அனுப்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை அனுப்பினார். இப்போது கதைகளை மனசுக்குள், வாய்ப்பாட்டை ஊர் கேட்க. இது சீமை முறையா, நம் முறையா? தெரியவில்லை. சனிக்கிழமை தலைமையாசிரியரிடமே போய்க் கேட்டேன் — அங்கே பிள்ளைகள் சத்தமில்லாமல் படித்தால் பெற்றவர்கள் சும்மா இருக்கிறார்களா?

"அங்க குளிருங்க. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தாங்க. வெளிய யாரு நின்னாங்கன்னு நான் பாக்கலையே" என்றார். ஆறு மாதம் பார்த்தவருக்கும் குழப்பம், இரண்டு நாள் கேட்டவனுக்கும் குழப்பம்.

அது கிடக்கட்டும். அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வருகிறார் — செங்கோடனை எந்த வகுப்பில் காட்டுவது?