சின்னக்கண்ணு படுத்துப் படித்த வைத்தியம்

கச்சிராயபாளையம் பக்கத்துக் கரும்பு வெட்டில் பலகை ஏறுகிறவனுக்குத்தான் மதிப்பு. மற்றவர்கள் வெட்டி, காய்ந்த கரும்பு இலையான சோகையால் கட்டிப் போடுவார்கள். அந்தக் கட்டைத் தலையில் வைத்து, லாரியில் சாய்த்த பலகைமேல் ஏறி, உச்சியில் அடுக்குகிறவனின் நடையே தனியாக இருக்கும். சின்னக்கண்ணு இருபத்திரண்டு வருஷம் அப்படி நடந்தவர். கொரோனா வந்த வருஷம், மாசிப் பனியில் பலகை வழுக்கிக் கட்டோடு கீழே உட்கார்ந்தார். உட்காரும்போது வயசு நாற்பத்தாறு. எழுந்திருக்கும்போது அறுபத்தாறு.

எலும்பு முறியவில்லை என்று எக்ஸ்ரே சொன்னது. வலி மட்டும் எக்ஸ்ரேயில் விழவில்லை. ஊரில் ஆளுக்கொரு தைலம் சொன்னார்கள். ஒன்பது தைலத்தையும் பூசிக்கொண்டு, கொசுகூடக் கிட்டே வராத வாசனையோடு படுத்துக்கிடந்தார்.

மேஸ்திரி வேடியப்பன் வந்து பார்த்தான். பொங்கல் கழிந்து வெட்டு தொடங்கும்போது ஒரே ஒரு கட்டை மேலே ஏற்றிக் காட்டினால் கூட்டத்தில் இடம் உண்டு, இல்லாவிட்டால் வேறு ஆள்தான் என்று சொல்லிவிட்டுப் போனான். வேடியப்பனைக் குற்றம் சொல்ல முடியாது. பதினாலு பேர் கூட்டத்தில் ஒருத்தர் படுத்தால் அவர் பாரத்தையும் மற்ற பதிமூன்று பேர் சுமக்க வேண்டும். அதனாலேயே அந்தக் கூட்டத்தில் யாரும் வலி என்று வாய் திறப்பதில்லை. திறந்தவன் பேர் அடுத்த வருஷம் இருக்காது.

விழுந்தது நைனார்பாளையத்துப் பெரிய விவசாயி ஒருவரின் கரும்புக் கொல்லையில். அவர் மகள் சுபஸ்ரீ சென்னையில் பிசியோதெரபி படித்து, அங்கேயே வேலை பார்த்து, ஊரடங்கில் வீடு திரும்பியவள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடைக்கு மேலே ரூம் பிடித்து, ஆறு பாய் விரித்து, அதில் படுத்துச் செய்கிற உடற்பயிற்சிக்குப் பிலாட்டீஸ் என்று போர்டு மாட்டியிருந்தாள். போர்டைப் பார்த்துவிட்டு, அது பலகாரக் கடை என்று நினைத்து ரெண்டு பேர் படியேறி வந்ததாகவும் ஊரில் பேச்சு. தன் கொல்லையில் விழுந்த பாவம் உறுத்தியதோ என்னவோ, கார்த்திகையில் அவள் அப்பா சின்னக்கண்ணுவைக் காசில்லாமல் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

அங்கே படுத்திருந்தவர்கள் துணிக்கடைக்காரர் மருமகள், பேங்க்காரர் பெண்டாட்டி, ரெண்டு டீச்சர்கள். நடுவில் துண்டும் கையுமாகச் சின்னக்கண்ணு. ஊருக்குள் சேதி பஸ்ஸுக்கு முன்னால் வந்து சேர்ந்தது.

"பொம்பளைங்க நடுவுல படுத்து எழுந்து வர்றதுக்கு ஒரு வைத்தியமா? நானும் தான் முப்பது வருஷமா இடுப்பு ஒடியறேன், என்ன எவன் பாயில படுக்க வெச்சான்?" என்றாள் அவர் பெண்டாட்டி சாலம்மாள். சொன்னாளே தவிர, மறுநாள் துண்டைத் துவைத்து மடித்து அவள்தான் கொடுத்தாள்.

முதல் நாள் சுபஸ்ரீ எல்லாவற்றையும் கேட்டாள். பிரஷர் உண்டா, மாத்திரை சாப்பிடுகிறாரா, வலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கால் மரத்துப்போகிறதா. எல்லாவற்றுக்கும் சின்னக்கண்ணு ஒழுங்காகப் பதில் சொன்னார். கடைசிக் கேள்விக்கு மட்டும் இல்லை என்றார். இடது கால் பெருவிரல் சில நாள் காலையில் அவருடையதாகவே இருக்காது. அதைச் சொன்னால் பேரை அடித்துவிடுவார்கள் என்பது இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

வகுப்பு திங்கள், புதன், வெள்ளி. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து வரச் சொன்னாள். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி, இடுப்பை மெதுவாகத் தூக்கி, மெதுவாக இறக்க வேண்டும்.

"வயித்த உள்ள இழுங்கண்ணே. தொப்புள் முதுக தொடற மாதிரி."

"அது பாதி நாளு தானாவே தொட்டுக்கினுதான் இருக்குது டாக்டரம்மா."

டீச்சர்கள் சிரித்தார்கள். சுபஸ்ரீ சிரிக்கவில்லை. பத்துத் தடவையோடு போதும் என்றாள். சின்னக்கண்ணுக்கு அவமானமாகப் போயிற்று. ஒரே நாளில் நூற்றைம்பது கட்டு ஏற்றினவருக்குப் பத்தா?

"இதுல எண்ணிக்கை பெருசில்லண்ணே. மூச்சுதான். தூக்கும்போது மூச்ச வெளிய வுடணும். நீங்க தம் கட்டறீங்க. வராத நாளு வராததாவே போவட்டும், அதயும் சேத்துப் பண்ணாதீங்க. மூணு மாசத்துக்கு எதயும் தூக்கவும் கூடாது."

மூன்று மாசம் என்றதும் பொங்கலை மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். இரண்டே மாசம்தான் இருந்தது. அதையும் அவளிடம் சொல்லவில்லை.

ஆனாலும் மூன்றாவது வாரம் ஒரு அதிசயம் நடந்தது. காலையில் கட்டில் சட்டத்தைப் பிடிக்காமல் எழுந்து நின்றார். சாலம்மாள் பார்த்தும் பார்க்காத மாதிரி சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். கண் பட்டுவிடும் என்று பயம்.

அப்போதுதான் இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்தது. மகன் இளமாறன் பட்டம் வாங்கிவிட்டுப் போலீஸ் வேலைக்கு எழுதிக்கொண்டிருந்தவன். தங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு வந்தால் தன் தலைவிதி மாறும் என்று முதல் வரிசையில் போய் ரோட்டில் உட்கார்ந்தான். கள்ளக்குறிச்சி டவுன் பஸ் நின்றது. உள்ளே சின்னக்கண்ணு. அப்பன் போகிற பஸ்ஸை மகனே மறித்தான் என்று டீக்கடையில் ஒரு வாரம் சொல்லிச் சிரித்தார்கள். மறியல், மழை, அப்புறம் மறியல் என்று நாலு வகுப்பு போய்விட்டது.

கரும்பு வெட்டில் ஒரு முறை உண்டு. இன்றைக்கு லாரி வரவில்லையென்றால் நாளைக்கு ரெண்டு லாரி ஏற்ற வேண்டும். விட்டது என்று ஒன்று அங்கே கிடையாது. வெட்டிய கரும்பு வெயிலில் எடை இறங்கிக்கொண்டே இருக்கும். சின்னக்கண்ணுக்குத் தன் முதுகும் அப்படித்தான் கிடந்து காய்வதாகத் தோன்றியது. பொங்கலுக்கு நாலு நாள் முன்னே, விடிந்ததும் கோணியை விரித்துப் படுத்து, நாலு வகுப்பையும் ஒரே மூச்சில் முடிக்கத் தொடங்கினார். ஒரே மூச்சில் என்பது நிஜம். அறுபதுக்கு மேல் தம் கட்டினார்.

"போதும்யா, எந்திரி," என்றாள் சாலம்மாள்.

"லாரி நின்னுகினு இருக்குதுடி."

நாலு வகுப்புக்கு நாற்பதுதான் கணக்கு; அவர் வட்டியும் சேர்த்து நூற்றிருபதில் நிறுத்தினார். எழுந்தபோது இடது பெருவிரல் இல்லை. அன்றைக்கு மதியமும் உணர்வு வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

தை மாசம் வெட்டு தொடங்கியது. பதிமூன்று பேரும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கட்டு தலைக்கு வந்தது. சும்மாடு சரியாக உட்கார்ந்தது. முதல் அடி, ரெண்டாம் அடி. அப்போது டாக்டரம்மா ஞாபகம் வந்து மூச்சை விட்டார். மூன்றாவது அடியில் கால் பலகையைத் தொட்டதா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. கண்ணால் குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. குனிந்தால் கட்டு போய்விடும்.

வேடியப்பன் ஓடிவந்து கீழிருந்து தாங்கிக்கொண்டான்.

"எறங்குங்க மாமா," என்றான் மெதுவாக. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதற்கப்புறம்தான் சுபஸ்ரீயிடம் விரல் கதையைச் சொன்னார். அவள் குண்டூசியால் குத்திக் குத்திப் பார்த்தாள். எதுவும் தெரியவில்லை.

"இத மொத நாளே சொல்லியிருந்தா ஸ்கேன் பாக்காம உங்கள பாயிலயே படுக்க வெச்சிருக்க மாட்டேன்."

"இப்ப இன்னா பண்ணலாம்?"

"நடக்கறத காப்பாத்திக்கலாம். சொமக்கறத மறந்துடுங்கண்ணே."

ஊரடங்கு தளர்ந்ததும் அவள் சென்னைக்கே போய்விட்டாள். அந்த ரூமில் இப்போது தையல் மிஷின் ஓடுகிறது. மாசியில் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. இளமாறன் வெடி வெடித்தான். ஐப்பசியில் கோர்ட்டு அதை ரத்து செய்தது. அவன் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறான்.

வேடியப்பன் கூட்டத்துக்கு ஆள் குறைந்தது. வீட்டில் உலை வைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து, எந்தப் பெண்ணும் ஏறாத பலகையில் சாலம்மாள் ஏறினாள். ஊர் நாலு நாள் வாய் பிளந்தது, ஐந்தாம் நாள் பழகிப்போயிற்று.

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அவள் கோணியில் மல்லாந்து படுப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து சின்னக்கண்ணு எண்ணுவார். பத்துக்கு மேல் போக விடமாட்டார்.

"மூச்ச வுடு. தம் கட்டாத."

"வுட்டுக்கினுதான் இருக்கேன். பத்து ஆச்சா?"

"ஆச்சு."

அவள் எழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"எடது காலு கொஞ்சம் மரத்தாப்ல இருக்குதுய்யா. யாருகிட்டயும் சொல்லிக்கினு திரியாத. வேடியப்பன் காதுல வுழுந்துடும்."

சின்னக்கண்ணு யாரிடமும் சொல்லவில்லை.