யசோதராவிடம் கேட்டு வாங்கிய பதினெட்டு நாள்

யசோதராவைக் கொன்றது எங்கள் அலுவலகம். லாரி என்று காவல் நிலையத்தில் எழுதியிருக்கிறார்கள். லாரி கடைசியாகத்தான் வந்தது.

வேலையை விட்டுப் போயிருக்க வேண்டிய நாளுக்கு மேல் பதினெட்டு நாள் அவளைக் கூடுதலாக இருக்கச் சொன்னார்கள். அதில் பதினோராவது நாள் காலை, வேலைக்கு வரும் வழியில் இறந்தாள். நான் அப்போது என் மேசையில் அன்று எங்கள் சரக்கு யார்டுக்கு வர வேண்டிய கன்டெய்னர்களின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் காவலாளி மாணிக்கம் அண்ணன் உள்ளே வந்தார். அவர் எப்போதும் சன்னல் வழியாகத்தான் பேசுவார், உள்ளே வந்து நான் பார்த்ததில்லை.

"தம்பி, நம்ம யசோம்மா வண்டி ரோட்ல கெடக்குது. வா."

"அவங்க எங்கண்ணே?"

"நீ வா" என்றார் மறுபடியும்.

எண்ணூர் சாலையில் அன்றும் வழக்கம்போல லாரிகள் வரிசையில் நின்றன. ஒரு பக்கம் கடல் அரிப்புக்குப் போட்ட கற்கள், மறுபக்கம் நீளநீளமான டிரெய்லர்கள். மிச்சமிருக்கும் இடத்தில்தான் பேருந்து, ஆட்டோ, பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லாரும். நின்றுகொண்டிருந்த ஒரு வண்டி நகர்ந்திருக்கிறது. பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று ஓட்டுநருக்குத் தெரியவில்லை. நான் போனபோது அந்த ஓட்டுநர் சாலையிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே விடாமல் இரண்டு நாளாக அவரை வெளியே நிறுத்தி வைத்திருந்தது எங்கள் யார்டு. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

யசோதராவை உங்களில் பலர் திருவொற்றியூர் யார்டில் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்க்கும் பெண்ணாக அறிவீர்கள். புளியந்தோப்பு வீட்டுவசதி வாரியக் குடியிருப்பிலிருந்து ஐந்து வருடம் தினமும் ஸ்கூட்டரில் வந்தாள். அந்த வரிசையை ஒழிக்க அவள் செய்த ஒரு காரியம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஓட்டுநர்கள் இடத்தை விட்டு நகர மாட்டார்கள். சாப்பிடப் போனால் பின்னால் இருப்பவன் முந்திவிடுவான். ஒருநாள் அவள் சாக்பீஸ் டப்பாவோடு வெளியே போய், ஒவ்வொரு லாரியின் பம்பரிலும் எண் போட்டாள். வந்த நேரத்தையும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். எண் வாங்கியவர் சாப்பிட்டுவிட்டு வரலாம், இடம் போகாது.

"இன்னாமா இது, ரேஷன் கடையா?" என்றார் ஓர் ஓட்டுநர்.

"ரேஷன் கட எவ்ளோ தேவலண்ணே. அங்க எப்போ கட தொறப்பான்னாவது தெரியும்" என்றாள்.

ஒன்பது நாள் அந்த ஏற்பாடு நடந்தது. ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்த மனிதர்கள், முந்த வந்தவனைத் தாங்களே திருப்பி அனுப்பினார்கள். பத்தாம் நாள் மேலாளர் நிறுத்தச் சொன்னார். நோட்டில் நேரம் இருந்ததால், எவ்வளவு நேரம் காக்க வைத்தோம் என்பது கறுப்பு வெள்ளையாகத் தெரிந்துவிட்டது. "வண்டி ரோட்டுல நிக்கிறது நம்ம பிரச்சினை இல்லம்மா. கேட்டுக்கு உள்ள வந்தப்புறம்தான் நம்ம பிரச்சினை" என்றார். அன்று மாலை அவள் என்னிடம் சொன்னாள்: "இந்தாளுக்குத் தெரிஞ்சது இவ்ளோதான் நைனா. பெரிய துறைமுகத்துல எல்லாம் இத்த எப்படிப் பண்றானுங்கன்னு நான் போய்ப் படிச்சிகினு வரேன்." என்னை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு அவளைவிட ஒரு வயது குறைவு.

அப்படித்தான் எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிப்பது ஆரம்பித்தது. நானும் கூடச் சேர்ந்துகொண்டேன். உண்மையைச் சொன்னால், அவள் போய்விட்டால் அந்த அலுவலகத்தில் எனக்கு என்ன இருக்கிறது என்று பயந்துதான் சேர்ந்தேன்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். சரக்கு ரயில் போகும்போது திரை ஆடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே உட்கார்ந்து நுழைவுத் தேர்வுக்குப் படித்தோம், விண்ணப்பக் கட்டுரைகள் எழுதினோம். ஏன் மேலாண்மை படிக்க விரும்புகிறீர்கள் என்று எல்லாக் கல்லூரிகளும் கேட்டன. இணையத்தில் கிடைத்த மாதிரிகளைப் பார்த்து, சிறு வயதிலிருந்தே தலைமைப் பண்பு எனக்கு இயல்பாக இருந்ததாக நான் எழுதினேன். அவள் எழுதிய முதல் வரி இது: "நான் வேலை செய்யும் இடத்தில், வரிசை போய்விடும் என்று ஓட்டுநர்கள் வண்டியிலேயே பாட்டிலில் சிறுநீர் கழிக்கிறார்கள்."

"இப்டியா எழுதுவாங்க?" என்றேன்.

"ஏன்னு கேட்டான் இல்ல? இதான் ஏன். வேணும்னா எட்த்துக்கட்டும், வேணாட்டி கீய்ச்சிப் போடட்டும்."

இங்கிலாந்தில் ஒரு கல்லூரி அவளை எடுத்துக்கொண்டது. என்னை எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

மேலதிகாரியின் பரிந்துரைக் கடிதம் ஒன்றும் கேட்டார்கள். நம் ஊரில் மேலதிகாரி பரிந்துரைக் கடிதம் எழுதுவதில்லை என்பது அந்தக் கல்லூரிக்குத் தெரியாது. "நீயே எழுதிக் கொண்டாம்மா, கையெழுத்துப் போட்டுத் தாரேன்" என்றார் மேலாளர். தன்னைத் தானே புகழ்ந்து எழுத அவளுக்குக் கை வரவில்லை, எனக்கும்தான். எனவே அவளுக்கு நான் எழுதினேன், எனக்கு அவள் எழுதினாள். படிவத்தில், விண்ணப்பதாரரின் குறை என்ன என்று ஒரு கேள்வி. குறை எதுவும் இல்லை என்று எழுதினேன். அவள் சிரித்துவிட்டாள்.

"குறையே இல்லாதவள எதுக்குப் படிக்கக் கூப்ட்றான்? கோயில் கட்டி வெச்சிட்டுப் போவான். ஒயுங்கா எயுது."

அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "மேலதிகாரி தவறு செய்தால் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். நேரம் காலம் பார்க்க மாட்டார்." மேலாளர் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். அந்த அலுவலகம் யசோதராவைப் பற்றி வெளியிட்ட ஒரே உண்மை அதுதான்.

புறப்பட வேண்டிய மாதம் வந்தது. பெட்டியின் எடையைப் பார்க்க, குடியிருப்புக்குக் கீழே இருந்த பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் தராசிலிருந்த இரும்புக் கம்பிகளை இறக்கிவிட்டு, "இன்னா பாப்பா, பொட்டியோட போடப் போறியா? நல்ல வெல தரேன்" என்றார். எடை கூடிவிட்டது. அவள் அம்மா பருப்புப் பொடியை எடுக்க விடவில்லை, அவள் புத்தகங்களை எடுக்க விடவில்லை. நடுவில் கருவாட்டுப் பொட்டலம்தான் பலியானது. அதை என் கையில் கொடுத்து, "அங்க போனா இதுக்குத்தான்டா ஏங்குவேன்" என்றாள். நான் எதற்கு ஏங்கப் போகிறேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அலுவலகத்தில் கணக்குத் தணிக்கை நடந்துகொண்டிருந்தது. அவள் இடத்துக்கு வந்த பெண்ணுக்கு இன்னும் வேலை பிடிபடவில்லை. முறைப்படி ஒரு மாதம் முன்பே ராஜினாமா கொடுத்திருந்தாள். கடைசி நாள் அனுபவச் சான்றிதழ் கேட்டபோது மேலாளர் சொன்னார்: "பதினெட்டு நாள் இருந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போ. கையோட சர்ட்டிபிகேட் வாங்கிக்க. ஃபாரின் போறவ, பேப்பர் இல்லாம போனா அங்க உள்ள விடுவானா?"

அவள் என்னிடம் வந்து கேட்டாள். "அப்டியே போய்க்கினே இருக்கலாமா நைனா? பேஜாரா கீது."

இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். "அஞ்சு வருசம் இருந்துட்ட. பதினெட்டு நாள்தானே, பொறுத்துக்கோ. பேப்பர் முக்கியம்" என்று சொன்னவன் நான். அவள் விமான டிக்கெட்டைத் தள்ளிப் போட்டாள்.

எங்கள் வீடுகளில் காகிதத்துக்குப் பயந்தே வளர்ந்தோம். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் என்று ஒரு தாளுக்காக ஒரு வருடப் படிப்பை இழந்தவர்கள் எங்கள் தெருக்களில் உண்டு. எந்த அலுவலகம் எந்தத் தாளைக் கேட்டாலும் கொடுத்தே தீர வேண்டும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். அது உண்மையிலேயே வேண்டுமா என்று திருப்பிக் கேட்கப் பழகவில்லை. ஓட்டுநர்களுக்காக மேலாளரிடம் நேருக்கு நேர் நின்றவள்கூட அதைக் கேட்கவில்லை. அவள் இறந்த பிறகு, அவளால் வர இயலாது என்று கல்லூரிக்கு நான் எழுதினேன். ஆறுதல் சொல்லிப் பதில் போட்டார்கள். பிறகு, சேரும்போது கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியலை அவர்கள் தளத்தில் தேடி எடுத்துப் படித்தேன். பட்டமும் மதிப்பெண் பட்டியலும் கட்டாயம். அனுபவச் சான்றிதழ், இருந்தால் கொண்டுவரலாம்.

இருந்தால். அந்த ஒரு சொல்லைப் பல முறை படித்தேன். அந்தப் பட்டியல் கல்லூரியின் தளத்தில் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. நாங்கள் இருவரும் அதே கொருக்குப்பேட்டைக் கடையில், அதே திரையில், எத்தனையோ பக்கங்களைப் படித்தோம். இதைப் படிக்கவில்லை. மேலாளர் சொன்னதை நம்பினோம்.

காரியம் முடிந்து நாலாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். பெட்டி கூடத்திலேயே இருந்தது. சின்ன வீடு, அதைச் சுற்றித்தான் எல்லாரும் நடக்க வேண்டும். அவள் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னிடம் ஒன்று கேட்டார்.

"அந்தக் கடுதாசி வந்துச்சா?"

"இல்லப்பா."

"அதுக்குன்னு தான இருந்தா? அஞ்சு வருசம் வேல செஞ்சிருக்கா என் பொண்ணு. அத்த எயுத்துல குடுக்கச் சொல்லு."

மேலாளரிடம் போனேன். "செத்தவங்களுக்கு எதுக்குப்பா எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட்? வெச்சு என்ன செய்யப் போறாங்க? இதுல நாளைக்கு ஏதாச்சும் வில்லங்கம் வந்துச்சுன்னா?" என்றார். கத்தினேன். மேசையைத் தட்டினேன். வெளியே வந்து, இன்று அவரை ஒரு கை பார்த்துவிட்டேன் என்று மாணிக்கம் அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன்.

"பேப்பர் வாங்கினியா?" என்று கேட்டார் அவர்.

எனக்கான பரிந்துரைக் கடிதத்தில், என் குறையாக யசோதரா எழுதியிருந்ததை இதுவரை சொல்லவில்லை. உறையை ஒட்டுவதற்கு முன் படித்துக் காட்டினாள்: "கோபப்பட்டதையே வேலை செய்துவிட்டதாக எண்ணிக்கொள்வார்." அன்று எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "எடுத்துடட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வரி. என்னை அவ்வளவு சரியாகப் பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை, இனி இருக்கப்போவதும் இல்லை. மாலையில் வேலை முடிந்து வெளியே வரும்போது, நைனா என்று யாராவது யாரையாவது கூப்பிட்டால் இப்போதும் திரும்பிவிடுகிறேன்.

சான்றிதழை நானே தட்டச்சு செய்தேன். பெயர், பதவி, சேர்ந்த நாள். ராஜினாமாப்படி அவள் விடுபட்டிருக்க வேண்டிய நாளையே விடுபட்ட நாளாகப் போட்டேன். மேலாளர் சார், அதற்குப் பிறகான பதினோரு நாளை உங்களுக்குத் தர நான் தயாராக இல்லை. கீழே ஒரு வரி: லாரிகளுக்கு வரிசை எண் முறையை முதலில் கொண்டுவந்தவர். தினமும் காலையில் அந்தத் தாளை உங்கள் மேசையில், மற்ற கோப்புகளுக்கு மேலே வைக்கிறேன். மாலையில் அது எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. கத்துவதை நிறுத்திவிட்டேன். எடுத்து மறுபடி மேலே வைக்கிறேன்.

படிக்காமல் கையெழுத்துப் போடுவது உங்களுக்குப் புதிதில்லை. கையெழுத்துப் போடுங்கள் சார்.