ஒருதரம்தான் கூப்பிட்டது

குருநகரில் கேபிள் இணைப்புக் கொடுக்கிறவனைப்போல ஏச்சு வாங்குகிறவன் வேறு எவனும் இல்லை. மழை பெய்தாலும் ஏச்சு, காகம் வயரில் இருந்தாலும் ஏச்சு. ஆனால் அந்த நாடகம் முடிந்த அன்று வாங்கிய ஏச்சுக்கு ஈடே கிடையாது. நாடகத்தின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் இன்னும் நாலுபேர் ரெலிபோன் எடுப்பார்கள்.

கதை இதுதான். கடலுக்குப் போன புருசன் திரும்பி வரவில்லை. மனைவி தாமிரா வருசக் கணக்காய் அழுகிறாள். கடைசிக் காட்சியில் வெளியே மழை. யாரோ அவள் பெயரை ஒருதரம் கூப்பிடுகிறார்கள். அவள் எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறாள். அவளுடைய முகம் மட்டும் தெரிகிறது. "வந்துட்டீங்களா?" என்கிறாள். அவ்வளவுதான், நடித்தவர்களின் பெயர்கள் ஓடத் தொடங்கிவிட்டன. வாசலில் நின்றது யார் என்று காட்டவே இல்லை.

உடனே பக்கத்து ஒழுங்கை கத்தரீனா மாமி ரெலிபோன் எடுத்தாள்.

"டேய் கொலின்ஸ், அறுவானே, கடைசித் துண்டை ஏனடா வெட்டினனி?"

"நான் வெட்டேல்லை மாமி. அது அப்பிடித்தான் முடிஞ்சது."

"விசர்க் கதை கதையாதை. இவ்வளவு காலம் பார்த்த சனத்துக்கு மூஞ்சியைக் காட்டாமல் விடுவாங்களே? உன்ரை லைன்தான் பிழை!"

பிறகு தொடங்கியது கோதாரி. அளவெட்டியில் டிஷ் வைத்திருக்கிற ஒரு வீட்டில் முழுதாகத் தெரிந்ததாம், புருசன் உயிரோடு சிரித்துக்கொண்டு நின்றானாம். பண்டத்தரிப்பில் பார்த்தவர்கள் சொன்னபடி அவனுக்கு நிழல் விழவில்லையாம். கனடாவில் யாரோ ஒருத்தியின் மச்சாள் படியில் ஈரக் காலடியைக் கண்டாளாம், அது வாசலுக்கு வந்த அடியாம், திரும்பிப் போன அடி இல்லையாம். மீன் சந்தையில் தராசைக் கையில் பிடித்துக்கொண்டே சண்டை போட்டார்கள். இவ்வளவு பேரும் பார்த்தது ஒரே படத்தைத்தான். எனக்கு வந்த கோபத்துக்கு வயர் முழுவதையும் அறுத்தெறிந்துவிட்டு நண்டு பிடிக்கப் போயிருப்பேன்.

அற்புதராணியக்கா மட்டும் ஏசவில்லை. அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

ஏனென்றால் ராணியக்காவின் வாய் அப்படிப்பட்ட வாய். நண்டுக் கொம்பனியில் நண்டு உடைக்கிற வேலை. விரலெல்லாம் கீறல். அவள் ஒழுங்கை முனையில் சிரித்தால் கோயிலடியில் கேட்கும். புருசன் எமில்ராஜ் அண்ணை இருந்த காலத்தில் இரண்டு பேரும் போடாத சண்டையில்லை. எங்கள் கரையில் வீட்டைவிட்டுப் போகிறவன் "போறன்" என்று சொல்லமாட்டான், "போட்டு வாறன்" என்றுதான் சொல்லவேண்டும். அனுப்புகிறவளும் "போங்கோ" என்று வாய் திறக்கமாட்டாள். ஒருநாள் அண்ணையை விளக்குமாற்றால் வாசல்வரை துரத்திக்கொண்டு வந்தவள், அப்போதும் "போட்டு வாங்கோ!" என்றுதான் கத்தினாள். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

அந்த அண்ணை ஒரு மாரி காலத்தில் கடலுக்குப் போனார். படகு மட்டும் மறுநாள் மண்டைதீவுப் பக்கம் ஒதுங்கியது.

அக்கா தாலியைக் கழற்றவில்லை. நிறச் சீலையை விடவில்லை. கார்த்திகையில் ஆத்துமாக்கள் திருநாளுக்கு இறந்தவர்களின் பெயரைக் கோயிலில் கொடுப்பார்கள். சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே நின்று, பாதர் ஒவ்வொரு பெயராகச் சொல்லி மன்றாடுவார். மற்றவர்களின் புருசன்மாருக்கெல்லாம் முழந்தாளில் நிற்கிற அக்கா, எமில்ராஜ் என்ற பெயரை மட்டும் கொடுக்கமாட்டாள். இந்த வருசம் புதிதாய் வந்த பாதர் வீட்டுக்கே போய்க் கேட்டார். "அந்த ஆத்துமாவுக்குப் பூசை வேணும் அம்மா. எத்தினை காலத்துக்கு வைச்சிருக்கப்போறியள்?" அதற்கு அக்கா சொன்ன மறுமொழி: "நாடகம் முடியட்டும் பாதர்." கேட்டவர்கள் பகிடி என்று நினைத்தார்கள். நானும்தான்.

நாடகம் முடிந்த பிறகு ஒரு பின்னேரம் அக்கா என்னைக் கூப்பிட்டாள். தேத்தண்ணியை வைத்துவிட்டு எனக்கு முன்னால் இருந்தாள்.

"கொலின்ஸ், உண்மையைச் சொல்லு. வாசல்லை நிண்டது உயிரோடையோ, இல்லையோ?"

"அக்கா, அதை எழுதினவனுக்கே தெரியாது. நீங்களுமா?"

அவள் சிரிக்கவில்லை. "இருட்டுக்கை ஆரும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்ன செய்யவேணும்?"

இது எங்கள் வீடுகளில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். ஒருதரம் கூப்பிட்டால் வாய் திறக்கக்கூடாது. கதவும் திறக்கக்கூடாது. உயிருள்ளவன் என்றால் மூன்று தரம் கூப்பிடுவான். செத்தவனால் ஒருதரத்துக்குமேல் கூப்பிட ஏலாது.

"அந்தாள் போன அண்டைக்குப் பின்னேரம்," என்றாள் அக்கா. "மழை இருட்டு. கறண்டும் இல்லை. வெளியிலை 'ராணி' எண்டு கேட்டது. அந்தாளின்ரை குரல்தான். மற்றத் தரமும் கூப்பிடட்டும் எண்டு நான் பொறுத்திருந்தன்."

"பிறகு?"

"கூப்பிடேல்லை."

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

"உவள் தாமிரா ஒரு சொல்லுக்கே திறந்திட்டாள். அங்கை நிண்டது உயிரோடை எண்டால், நான் என்ரை மனுசனை மழையிலை நிக்க விட்டிட்டன். செத்த ஆள் எண்டால் நான் திறக்காதது சரி. ஆனா அப்ப பேரைக் குடுக்கவேணும். எது எண்டு சொல்லடா தம்பி, எனக்கு நித்திரை இல்லை."

மிச்சத் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து வந்தேன். வழியெல்லாம் அந்த நாடகக்காரனைத் திட்டினேன். ஒரு முகத்தைக் காட்டினால் அவனுக்கு என்ன குறைந்துவிடும்?

திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம், அக்கா வீட்டில் படம் இழுக்கிறது என்று போனேன். நல்ல மழை. கதிரையில் ஏறி நின்று ரீவிக்கு மேலே வயரைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அக்கா நிலத்தில் குந்தியிருந்து இறால் உரித்தாள். திடீரென்று கறண்ட் நின்றது. வீடு கறுத்தது.

வெளியே ஒரு ஆண் குரல். "ராணி."

ஒருதரம்தான். உரத்தும் இல்லை, மெதுவாயும் இல்லை. முன்னே பின்னே கேட்ட குரலா என்று என்னைக் கேட்காதீர்கள்.

"அக்கா, பொறுங்கோ!" என்று கத்தியவன் நான்தான். அவ்வளவு நாளும் ஊரைப் பார்த்துச் சிரித்தவன்.

"பொறுத்தது காணும்," என்று சொல்லி அக்கா எழுந்தாள்.

கதிரையில் நின்ற எனக்கு வாசலைச் சுவர் மறைத்தது. கதவு திறந்தது. மழை வெளிச்சத்தில் அவளுடைய முகத்தின் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது.

"வந்திட்டியளோ?" என்றாள்.

மறுமொழி எனக்குக் கேட்கவில்லை. மழைதான் கேட்டது. அவள் தலையை ஆட்டி ஆட்டி எதையோ கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு ஆணியில் தொங்கிய துவாயை எடுத்து, தன்னைவிட உயரமான ஒருவனின் தலையைத் துவட்டுவதுபோல இரண்டு கையையும் உயர்த்தினாள். இறங்கிப்போய்ப் பார்த்திருக்கலாம். எனக்குத் துணிவு வரவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்தாள். துவாய் பிழியலாம்போல நனைந்திருந்தது. மழை அப்படிப் பெய்தது, நனையும்தானே.

"நாளைக்குப் பாதரிட்டைப் பேரைக் குடுக்கப்போறன். நீயும் வா," என்றாள்.

அடுத்த நாள் சேமக்காலையில் பாதர் எமில்ராஜ் என்று சொன்னபோது அக்கா வெள்ளைச் சீலையில் நின்றாள். எல்லாரையும்விட உரத்து மன்றாட்டுச் சொன்னாள். நான் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

இப்போது ஊர் தாமிராவை மறந்துவிட்டது. என்னைத்தான் பிடித்துக்கொண்டது. "வாசல்லை நிண்டது ஆரடா? நீ கண்டனி, மறைக்கிறாய்," என்று கத்தரீனா மாமி கோயில் வாசலிலேயே சட்டையைப் பிடிக்கிறாள். சுவர் மறைத்தது என்றால் நம்புவதில்லை. கேபிள்காரன் திரும்பவும் கடைசித் துண்டை வெட்டிவிட்டான் என்று கதை.

இந்தத் தரம் அது உண்மைதான். ஒரு துண்டை நான் வெட்டித்தான் சொன்னேன்.

அன்றைக்குத் துவாயை இறக்கிய பிறகு அக்கா கதவில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். படியில் இறங்குகிற ஒருவரைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தாள். "போட்டு வாங்கோ" என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவளுடைய வாயும் அப்படித்தான் தொடங்கியது. பாதியில் நிறுத்தி, "போங்கோ" என்றாள்.