இடது கையால் ஓர் ஒப்புதல்

மலேசியாவின் கோத்தா பாருவில் வான் ஜுஸோ என்ற கணக்காளரிடம் அஸ்லிண்டா மூன்று வருஷம் பயிற்சி வேலை பார்த்தாள். பரீட்சையெல்லாம் எப்போதோ முடித்துவிட்டாள். ஆனால் பரீட்சையோடு விடுவார்களா? பார்த்த வேலையை ஒன்பது தலைப்புகளில் கணினியில் எழுதி, கூட இருந்து பார்த்த முதலாளியிடம் ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் வாங்கி, கணக்காளர் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். அவள் எழுதி வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. "அடுத்த மாசம் பார்க்கலாம்மா" என்பதே அவருடைய பாட்டு. ஒப்புதல் கொடுத்துவிட்டால் குறைந்த சம்பளத்துக்கு இப்படி உழைக்க ஆள் கிடைக்காதே! அந்தச் சாமர்த்தியத்தில் மனுஷனுக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

போன மாதம் பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சும் வலது கையும் போய்விட்டன. வியாழக்கிழமையோடு அலுவலகத்தை மூடுகிறார்கள்; அதற்குப் பிறகு அவருடைய ஒப்புதல் செல்லாது. அஸ்லிண்டா மற்ற கணக்காளர்களிடம் ஓடினாள்.

"நான் பார்க்காத வேலைக்கு எப்படிம்மா ஒப்புதல் தர்றது? வேணும்னா எங்கிட்ட முதல்லேருந்து சேரு. மூணு வருஷம்தானே" என்றார் ஒருவர். நல்ல மனசோடுதான் சொன்னார்.

முப்பத்தாறு வயதில் முதலிலிருந்து. அவள் காரில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

புதன்கிழமை மதியம் மடிக்கணினியோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். முதலாளியின் மனைவி சோம் அக்கா, அந்த ஊர் வழக்கில் காக் சோம், வாசலிலேயே மறித்தாள்.

"போன வாரம் இவர் தம்பி நிலப் பத்திரத்தைத் தூக்கிட்டு கைநாட்டு வாங்க வந்தான். இன்னைக்கு நீயா?"

"சொத்துப் பத்திரம் இல்ல காக், சத்தியமா. எங்க பாஸ் படிச்சுட்டு ஒரு பொத்தானை அமுக்கினா போதும். இல்லேன்னா என் மூணு வருஷமும் குப்பைதான்."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஏமாத்தினா அல்லா பார்த்துக்குவான்" என்று வழிவிட்டாள்.

அவருக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. வரி வரியாகப் படித்தார். யாருக்கும் இடது கையால் எதையும் நீட்டாத மனுஷன், இப்போது இடது விரலால் ஒவ்வொன்றாக அமுக்கினார். எட்டு முடிந்தது. அஸ்லிண்டாவுக்கு மூச்சு வந்தது.

ஒன்பதாவது, நேர்மை பற்றியது. தும்பாட் ஊரில், புடு என்ற நெத்திலிச் சாறு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் சரக்கு எண்ணப் போனபோது, நெத்திலி ஊற வேண்டிய தொட்டிகளில் பன்னிரண்டில் வெறும் உப்புத் தண்ணீர் இருந்ததென்றும், அதை மறைக்கச் சொல்லித் தொழிற்சாலைக்காரர்கள் நெருக்கியபோது தன் முதலாளி உறுதியாக நின்றாரென்றும் எழுதியிருந்தாள்.

உப்புத் தண்ணீர் உண்மை. விரலை விட்டு நக்கியே பார்த்தாள். ஆனால் தொழிற்சாலை காக் சோமின் அண்ணனுடையது. "மச்சான் பொழப்பும்மா, எழுதாதே" என்றார் வான் ஜுஸோ. அவளும் எல்லாத் தொட்டியும் நிறைந்திருப்பதாகவே எழுதிக் கொடுத்தாள்.

அவர் இரண்டு தடவை படித்தார். விரலை எடுத்துக்கொண்டார்.

"எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க பாஸ். உங்களை நல்லவராத்தானே காட்டியிருக்கேன்? அமுக்குங்க பாஸ், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்."

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். கண்ணில் நீர் வழிந்தது. அந்தப் பத்தியைச் சுட்டி, அழி என்பதுபோல விரலைத் தேய்த்தார்.

"என்ன பண்றே அவரை?" என்றாள் காக் சோம்.

"ஒரு பிழை இருக்கு காக். திருத்திடுறேன்."

அழித்தாள். எழுத வேண்டாமென்று முதலாளி சொன்னார், நானும் எழுதவில்லை, பயந்தேன் என்று தட்டினாள். படித்து முடித்ததும் அவர் அமுக்கினார்.

ஒன்பதும் கிடைத்துவிட்டது. இனி அனுப்ப வேண்டியது அவள்தான். அனுப்பினால் சங்கத்தில் அவளைச் சேர்க்க மாட்டார்கள், கணக்காளர் பட்டியலிலிருந்து அவர் பெயரையும் நீக்குவார்கள். அனுப்பாவிட்டால் நாளையோடு எல்லாம் தீர்ந்தது. அப்படியும் போச்சு, இப்படியும் போச்சு. நல்லவராக ஆவதற்கு இவருக்கு இன்றைக்குத்தானா நேரம் கிடைத்தது என்று ஆத்திரம் பொங்கியது. அவரோ அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த ஆத்திரத்திலேயே அனுப்பினாள்.

"முடிஞ்சுதா?" என்றாள் காக் சோம்.

"முடிஞ்சுது காக்."

காக் சோமின் முகம் மலர்ந்தது. அஸ்லிண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனி நீ பெரிய கணக்காளர். எங்க அண்ணன்கிட்ட சொல்றேன் பாரு, தொழிற்சாலைக் கணக்கை இனி உங்கிட்டயே கொடுக்கச் சொல்லி."