நொச்சிப் போத்தும் நான் மீறிய சத்தியமும்

ஆறு வருடமாக இதை எழுதத் துணியவில்லை. பத்தாவது வரை படித்தவன் நான். ஆனால் பயந்தது எழுத்துக்கு அல்ல, ஏகாம்பரநாதர் சன்னதியில் செய்த சத்தியத்துக்கு.

பிரிஸ்பேனில் நான் வேலைக்குப் போகும் வழியில் ஒரு வீட்டு வாசலில் அட்டைப்பெட்டி இருக்கும். அதில் செடிகளிலிருந்து வெட்டிய குச்சிகள், எப்படி நடுவது என்று ஒரு தாள், யாரும் எடுத்துப்போகலாம் என்று ஒரு பலகை. எனக்கு அது விளங்கவே இல்லை. ஒருநாள் அந்த வீட்டுப் பெரியவரிடம், "இதையெல்லாம் வெளியாருக்குச் சொல்ல உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். "குச்சிக்கெல்லாம் கவுன்சிலில் பர்மிட் வேண்டாம்" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

காஞ்சிபுரம் பக்கம், எங்கள் முசரவாக்கத்து வீட்டில் அனுமதி வேண்டும். ஏரிக் கால்வாய்க் கரையை வெள்ளம் அறுக்காதபடி நொச்சி நட்டுக் கட்டும் விதத்தை அப்பா எனக்கு மட்டும் சொன்னார். வெளியே சொன்னால் பலிக்காதாம். பெண்ணுக்குச் சொன்னால் புகுந்த வீட்டுக்குப் போய்விடுமாம். அப்பா காலமானார், நான் விமானம் ஏறினேன். நிலம் அக்காவிடம், அதைக் காப்பாற்றும் விஷயம் என்னிடம். இப்போது மழை பத்து நாளில் பெய்ய வேண்டியதை ஒரே நாளில் கொட்டுகிறது. இரண்டு ஐப்பசியில் கரை உடைந்து அக்காவின் நெல் மண்ணுக்குள் போனது. மறுபடி உடைந்தால் பிளாட் போடுகிறவனுக்கு விற்றுவிடுவேன் என்றிருந்தாள்.

பெரியவர் சிரித்த அன்று மாலையே அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏண்டா, ரெண்டு போகம் போவுற வரைக்கும் இத்த வாய்க்குள்ளயே வெச்சிக்கினு இருந்தியா?"

"அப்பா சத்தியம் வாங்கினாருக்கா."

"பொண்ணு வேற வூட்டுக்குப் பூடுவான்னு எனக்குச் சொல்லல. நான் வாக்கப்பட்டது ரெண்டு தெரு தள்ளி. நீ எங்கடா இருக்கிற, சொல்லு பாப்போம்!"



ஊருக்கே சொல்கிறேன், கேளுங்கள். ஆவணியில், முதல் தூறல் விழுந்த பிறகு, கட்டைவிரல் தடிமனில் ஒரு கை நீளத்துக்கு நொச்சிக் கிளையைப் போத்தாக வெட்டுங்கள். வெட்டுமுன் மரத்தைத் தொட்டு சிவனை நினையுங்கள். நுனி மேலே இருக்க, தண்ணீர் போகும் பக்கம் சாய்த்து, பாதிக்கு மேல் மண்ணுக்குள் இறங்கும்படி இரண்டு வரிசை நடுங்கள். இடையில் வெட்டிவேர்த் தூர். நொச்சியை ஆடு கடிக்காது, வேலி வேண்டாம்.

அக்கா நட்டாள். போன ஐப்பசியில் நட்ட இடம் நின்றது. போத்து போதாமல் விட்ட இடம் சரிந்தது. ஆனால் நெல் வீட்டுக்கு வந்தது, நிலத்தை விற்கும் பேச்சு நின்றது. சித்தப்பா மட்டும், "குடும்ப விஷயத்த சந்தியில வெச்சிட்டியேபா" என்று என்னோடு பேசுவதை நிறுத்தினார். சத்தியம் மீறிய பாவம் என்னோடு இருக்கட்டும், ஏகாம்பரநாதரிடம் நானே பேசிக்கொள்கிறேன். சந்தியில் வைத்தேன், இனியும் வைப்பேன்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் செல்போனில் காஞ்சிபுரத்தில் கனமழை என்று பார்த்ததும், சுள்ளென்று வெயில் அடிக்கும் இந்த ஊரில், கொடியில் காய்ந்த துணியை எடுக்க ஓடினேன். பாதி தூரம் போன பிறகுதான் எந்த ஊரில் நிற்கிறேன் என்று தெரிந்தது.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குக் கொடுங்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும். ஒரு எழுத்தும் மாற்றாமல் கொடுங்கள். முக்கியமாக, பெண் என்று அக்காவுக்குச் சொல்லாமல் விட்டோம், அதனால் இரண்டு போகம் மண்ணாய்ப் போனது என்பதை எங்கள் வீட்டு மானத்துக்காக யாரும் வெட்டிவிடாதீர்கள்.