மடிப்பு மெஷினுக்கு ஒரு மூடி

மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையின் வாசனை புளிப்பும் கசப்பும் கலந்த ஒன்று. துணியில் ஏறினால் எத்தனை முறை அலசினாலும் போகாது, எங்கள் வீட்டுத் தலையணை உறைகளிலும், உம்மாவின் துப்பட்டியிலும், என் பள்ளிப் பையிலும்கூட அது குடியிருந்தது. சிறுவயதின் வாசனைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் உருகி எழுதுவார்கள். எனக்கு அந்த வாசனை பிடிக்காது, அன்றும் பிடிக்கவில்லை. ஆனாலும் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் அந்த வாசனை அடித்த இடத்தில் என் உம்மா செய்த ஒரு காரியத்தைப் போல அதற்குப் பிறகு யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

புனேயில், பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டிய கசார்வாடியில் நாங்கள் குடியிருந்தோம். சொந்த ஊர் மேலப்பாளையம். வாப்பா துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு சோலாப்பூர் பக்கம் வியாபாரத்துக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார். பிளாஸ்டிக் பைகள் மேல் கெடுபிடி தொடங்கி, மருந்துக்கடையிலிருந்து மிட்டாய்க்கடைவரை எல்லாரும் காகிதப் பை கேட்க ஆரம்பித்த சமயம் அது. எங்கள் சந்தின் முனையில் தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்றில் பை செய்யும் மெஷின் வந்து இறங்கியது. அதை வைத்திருந்தவரை எல்லாரும் ‘சேட்’ என்றே கூப்பிட்டார்கள், எனக்கும் வேறு பெயர் தெரியாது. அக்கம்பக்கத்துப் பெண்களை வேலைக்கு எடுத்தார். உம்மாவும் போனாள். உம்மாவுக்கு அப்போது இந்தி அரைகுறை, மராத்தி சுத்தமாக வராது. நான் முனிசிபல் பள்ளியில் படித்ததால் இரண்டும் சரளமாக வரும், அதனால் ரேஷன் கடையிலிருந்து ரயில் நிலையம்வரை உம்மாவின் வாயாக நான் இருந்தேன்.

அந்த மெஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு முனையில் பழுப்புக் காகிதம் பெரிய உருளையாகத் தொங்கும். அது இழுபட்டு வந்து ஒரு தகட்டின் மேல் படிந்து, இரண்டு ஓரமும் உள்பக்கமாக மடங்கி, பசை தடவப்பட்டு ஒட்டிக்கொண்டு, நீண்ட குழாயாக மாறி ஓடும். பல் வைத்த கத்தி அதைப் பை அளவுக்கு நறுக்கும். அதுவரை எல்லாம் நிதானமாகத்தான் தெரியும். அடிப்பாகத்தை மடிக்கிற இடத்தில்தான் வேகம். மேலிருந்து ஒரு மெல்லிய இரும்புத் தகடு சட்டென்று இறங்கிக் காகிதத்தின் ஓரத்தை இரண்டு உருளைகளுக்கு நடுவே குத்தித் தள்ளும், உருளைகள் அதைக் கவ்வி இழுத்து மடித்து அழுத்தி அந்தப் பக்கம் துப்பும், அதற்குள் தகடு மேலே போய் அடுத்த பைக்குத் தயாராகியிருக்கும். உள்ளே போய்ப் போய் வருவதால் பட்டறையில் அந்தத் தகட்டை மராத்தியில் ‘ஜீப்’ என்பார்கள். உம்மா அதையே தமிழாக்கி ‘நாக்கு’ என்றாள்.

மெஷின் வந்தபோது நாக்கின் மேல் இரும்பு மூடி ஒன்று இருந்தது. ஆனால் காகிதம் கோணலாகப் போய் உருளையில் சுருண்டுகொள்வது அடிக்கடி நடக்கும். ஒவ்வொரு முறையும் மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து, சிக்கிய காகிதத்தை எடுத்து, மறுபடி ஓடவிடுவதற்குள் பசை காய்ந்துவிடுகிறது, காகிதம் வீணாகிறது என்று சேட் ஒருநாள் மூடியைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டார். அதன்பிறகு ஓடுகிற மெஷினிலேயே, நாக்கு மேலே போகிற கண்ணிமைப்பொழுதில், விரலை விட்டுக் காகிதத்தை உருவி எடுக்கப் பெண்கள் பழகிக்கொண்டார்கள். உம்மாவுக்குப் பக்கத்தில் வேலை செய்த சுனந்தாதான் அதில் கெட்டிக்காரி, மராத்தியில் சின்னம்மாவைக் கூப்பிடுவதுபோல நான் அவளை மவுசி என்பேன். சிரித்துப் பேசிக்கொண்டே உருவுவாள். மூடியைத் திரும்பப் போடச் சொல்லி உம்மா என்னை விட்டுச் சேட்டிடம் இரண்டொரு தடவை கேட்கவைத்தாள். “பாக்கலாம், பாக்கலாம்” என்றார் சேட்.

ஒரு மழைநாளில் கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது சுனந்தா மவுசி பள்ளி வாசலில் வந்து நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, சேலையில் பசையோடு வேறு ஏதோ கறையும் இருந்தது. “ஏ பொண்ணே, சீக்கிரம் வா. உன் அம்மா பேசுறது ஆஸ்பத்திரியில யாருக்கும் புரியல” என்று மராத்தியில் சொல்லி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். என்ன நடந்தது என்று வழியில் நான் கேட்கவில்லை. கறையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

உம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வலது கை முழுக்கத் துணி சுற்றி மடியில் கிடந்தது. முகம் சாம்பல் நிறமாக இருந்தது, ஆனால் அழவில்லை. என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, “மழையில நனஞ்சிட்டியா?” என்பதுதான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவரை உருளைக்குள் போய் நசுங்கிவிட்டிருந்தன.

சேட் அங்கேயே நின்றிருந்தார். டாக்டர் வருவதற்குள் என்னைத் தனியாகச் சுவரோரம் கூட்டிப்போய்க் குனிந்து, இந்தியில், ரொம்ப மெதுவான குரலில் சொன்னார்: “மகளே, எப்படி ஆச்சுன்னு டாக்டர் கேட்பாரு. வீட்டுக் கதவுல நசுங்கிடுச்சுன்னு சொல்லு. பட்டறையிலன்னு எழுதினா பட்டறையை மூடிடுவாங்க. அப்புறம் சுனந்தாவுக்கு வேலை இல்ல, யாருக்கும் வேலை இல்ல. உங்க அம்மாவோட வைத்தியத்தை நான் பாத்துக்கறேன்.” குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. தலையை வேறு தடவிக்கொடுத்தார். எனக்குப் பதினோரு வயது. அவர் சொன்னது நியாயம் போலவும் இருந்தது, நியாயம் இல்லாதது போலவும் இருந்தது.

நான் நேராக உம்மாவிடம் வந்து அவர் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். உம்மா கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு சேட்டை ஒரு பார்வை பார்த்தாள்.

“அவரு சொன்னத எனக்கு ஒழுங்காச் சொல்லிட்டல்லா புள்ள? இப்ப நான் சொல்லுதத டாக்டர்ட்ட அதே மாதிரி சொல்லு. கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது.”

டாக்டர் வந்தார், இளம்வயதுப் பெண். கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு எப்படி ஆனது என்று மராத்தியில் கேட்டார். சேட் முந்திக்கொண்டு “கதவு” என்றார். உம்மாவுக்கு அந்த ஒரு சொல் புரிந்துவிட்டது. “இல்ல” என்றாள் தமிழில், ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்கும்படி. பிறகு வாக்கியம் வாக்கியமாகச் சொன்னாள், நான் வாக்கியம் வாக்கியமாக மராத்தியில் சொன்னேன். பை மெஷின். அடி மடிக்கிற இடம். காகிதம் சிக்கியது. கையை விட்டேன். நாக்கு இறங்கிவிட்டது. அதன் மேல் மூடி இல்லை, கழற்றிப் போட்டுவிட்டார்கள். மெஷின் மூடிக்கு என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. சமையல் பாத்திரத்து மூடிக்குச் சொல்லும் ‘ஜாக்கண்’ என்ற சொல்லைத்தான் சொன்னேன். டாக்டருக்கு அது போதுமானதாக இருந்தது. சேட் பக்கம் திரும்பி, “இதைப் பட்டறை விபத்து என்றுதான் எழுதுவேன்” என்றார். சேட் என்னைத்தான் பார்த்தார், உம்மாவைப் பார்க்கவில்லை. நான் பார்வையைத் தாழ்த்தவில்லை. அதை இன்றுவரை பெருமையாகவே நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டு விரல்களின் நுனிகளையும் எடுத்துவிட்டார்கள். எழுதியாகிவிட்டபடியால் வைத்தியச் செலவை சேட் கட்டவேண்டியதாயிற்று, ஆனால் உம்மாவுக்கு வேலை போனது. பட்டறையை யாரும் மூடவில்லை. ஒரு அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார் என்றும், சேட் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார் என்றும் சொன்னார்கள். சந்தில் சில பெண்கள் எங்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். “எங்க பொழப்பைக் கெடுக்கப் பாத்தா மதராஸி” என்று குழாயடியில் என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். சோலாப்பூரிலிருந்து வாப்பா வந்து சேர்ந்தார். கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு, “பொழைக்க வந்த ஊருல நமக்கு என்னத்துக்கு வம்பு, மைமூன்?” என்றார்.

“வம்ப நான் இழுக்கல. மெஷின்தான் என் கைய இழுத்துச்சு” என்றாள் உம்மா.

கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள் காலையில் உம்மா என்னைப் பள்ளிக்குப் போகவேண்டாம் என்றாள். புர்காவை மாட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நாக்கின் மேல் அன்றும் மூடி இல்லை. உம்மா வேலை செய்த இடத்தில் சுனந்தா மவுசி நின்றாள். உம்மா அவளுக்கு அருகில் போய், ஒரு ஸ்டூலை இழுத்து, மடிப்பு உருளைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். யாரும் உருளைப் பக்கம் கை நீட்ட முடியாதபடி அந்த இடத்தை அடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் காகிதம் சிக்கிச் சுருண்டு குவிய ஆரம்பித்தது.

சேட் உள்ளிருந்து ஓடிவந்தார். “உனக்குத்தான் இங்கே வேலை இல்லையே, எதுக்கு வந்தே?” என்றார். நான் தமிழில் சொன்னேன்.

“வேல கேட்டு வரல. மூடியப் போடச் சொல்ல வந்திருக்கேன்னு சொல்லு.”

சொன்னேன். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். அதையும் உம்மாவிடம் சொன்னேன்.

“கூப்பிடச் சொல்லு. அவங்களும் வந்து இதப் பாத்துட்டுப் போகட்டும்.” உம்மா வலது கையைத் தூக்கி மெஷின் பலகையின் மேல் வைத்தாள். நுனி இல்லாத அந்த இரண்டு விரல்களை அன்றுதான் எல்லாரும் முதன்முதலாகக் கட்டில்லாமல் பார்த்தார்கள். சதை இன்னும் சிவப்பாகவே இருந்தது. குழாயடியில் ஏசியவளும் அங்கே பசைச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சேட் சுனந்தா மவுசியிடம் கத்தினார், “நீ என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? அந்தப் பக்கமா வந்து காகிதத்தை எடு!” மவுசி உம்மாவின் கையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். பிறகு நடந்துபோய்ச் சுவரிலிருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். பட்டறை அப்படியே அடங்கியது. தகரத்தில் தூறல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“மூடி போட்டாத்தான் நான் கை வைப்பேன்” என்றாள் மராத்தியில். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார்கள். குழாயடிக்காரி கடைசியாக வந்தாள், ஆனால் வந்தாள். அதை உம்மாவிடம் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

சேட் போலீஸைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் சத்தம் போட்டார், கொஞ்ச நேரம் கெஞ்சினார், மிட்டாய்க்கடைக்குச் சாயங்காலத்துக்குள் பை போகவேண்டும் என்றார். பெண்கள் காகிதக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த பாக்ரி ரொட்டியைப் பிட்டுத் தின்றார்கள், உம்மாவுக்கும் எனக்கும் கொடுத்தார்கள். மதியத்துக்குமேல் சேட் சொல்லியனுப்பி, பக்கத்துப் பட்டறையிலிருந்து வெல்டிங் செய்பவர் வந்தார். பழைய மூடி துருப்பிடித்துவிட்டதால் கம்பிவலையில் புதிதாக ஒன்று அடித்து, அதைத் திறந்தால் மோட்டார் நின்றுவிடும்படி ஒரு சுவிட்சையும் பொருத்தினார். மெஷினை ஓடவிட்டதும் உம்மா எழுந்து இடது கையால் மூடியைத் திறந்து பார்த்தாள், நாக்கு பாதியில் நின்றது. மூடினாள். மறுபடி திறந்தாள், நின்றது. “வா, போவோம்” என்றாள் என்னிடம்.

வேலையை சேட் திரும்பக் கொடுக்கவில்லை, உம்மாவும் கேட்கவில்லை. பிறகு ஆகுர்டியில் இன்னொரு பட்டறையில் சேர்ந்து பல வருஷம் உழைத்து, என்னையும் தம்பியையும் படிக்கவைத்தாள். அங்கே சேரப் போன அன்றைக்கும் முதலில் மடிப்பு உருளையைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னாளாம்.

இப்போது நான் விமான் நகரில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மெட்ரோவில் கசார்வாடியைத் தாண்டும்போது கீழே பார்த்தால், பட்டறை இருந்த இடத்தில் கண்ணாடி போட்ட மோட்டார் பைக் ஷோரூம் நிற்கிறது. தகரக் கூரை இல்லை, குழாயடி இல்லை, சேட் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை, சுனந்தா மவுசி லாத்தூர்ப் பக்கம் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள் என்று கேள்வி. போகட்டும். அது போனதற்காக நான் ஒரு பெருமூச்சுகூட விடமாட்டேன்.

போன வருஷம் தம்பியின் நிக்காஹ் இங்கேயே நடந்தது. குடும்பமாக நின்று படம் எடுக்கும்போது, ஊரிலிருந்து வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி நல்லெண்ணத்தோடுதான், உம்மாவின் வலது கையைத் துப்பட்டிக்குள் மறைத்துவிட வந்தாள். படம் எடுப்பவரும் கையைக் கொஞ்சம் கீழே விடச் சொன்னார். உம்மா துப்பட்டியை ஒதுக்கிவிட்டு, அந்தக் கையை எடுத்து மருமகளின் தோள்மேல், எல்லாருக்கும் தெரியும்படி வைத்தாள்.

“இதையும் சேத்து எடு” என்றாள்.

எடுத்தார். பெரிதாகச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள் விரலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் செய்கிறார்கள். உட்காரச் சொல்லி, டீ கொடுத்து, முழுவதையும் சொல்கிறோம்.