ரெண்டு ரிங்

எங்கள் வீட்டுக்கு ஃபோன் வந்த புதிதில், அதில் பேசியதைவிடப் பேசாமல் விட்டதுதான் அதிகம். ஊருக்குப் போகிறவர்கள் போய்ச் சேர்ந்ததும் எங்கள் நம்பரைப் போட்டு, ரெண்டு ரிங் விட்டு வைத்துவிட வேண்டும். இந்தப் பக்கம் யாரும் எடுக்கக் கூடாது. ரெண்டு ரிங்கில் நின்றுவிட்டால் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயிற்று என்று அர்த்தம். மூன்றாவது ரிங்கும் அடித்தால் ஏதோ விஷயம் இருக்கிறது, ஓடிப்போய் எடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர். நாங்கள் இருக்கிற ஸ்ரீராம்புரத்திலேயே பிறந்து வளர்ந்த மனுஷர், அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. ஓசியில் ஆகிற காரியத்துக்கு எவனாவது காசு கொடுப்பானா என்று கேட்பார். எனக்கோ ரெண்டாவது ரிங் நின்று, மூன்றாவது வராது என்று உறுதியாகிற வரைக்கும் உயிர் போய்ப் போய் வரும்.

நான் அப்படிப்பட்டவள்தான். யாராவது வாசலைத் தாண்டினால் போதும், அவர்கள் ஏறுகிற பஸ்ஸுக்கு பிரேக் இருக்கிறதா இல்லையா என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். கார்மென்ட்ஸில் எனக்கு செக்கிங் வேலை. பிரிந்த தையலும் விட்டுப்போன பட்டனும் தேடித் தேடி, நன்றாக இருக்கிற எதுவும் என் கண்ணில் படாமல் போய்விட்டது என்று அவர் கிண்டல் பண்ணுவார்.

அப்பா தவறின பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டாள். தர்மபுரியில் அண்ணன் வீடு இருக்கிறது. அங்கே அண்ணிக்கும் அவளுக்கும் சரிப்பட்டு வரவில்லை. ஆனால் அதை அம்மா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. பெண் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அவளுக்கு. அதனால் வந்த நாளிலிருந்தே, இந்த மாசம் போகட்டும், கிளம்பிடறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பீரோவில் ஒரு தட்டு ஒழித்துக் கொடுத்தேன். அவள் புடவைகளை அதில் வைக்கவே இல்லை. கொண்டு வந்த பையிலிருந்து எடுத்துக் கட்டுவாள், துவைத்து மடித்து மறுபடி பையிலேயே வைப்பாள்.

இதெல்லாம் முக்கால்வாசி மாப்பிள்ளைக்காக. அவர் வீட்டில் இருக்கிற நேரத்தில் அம்மா நாற்காலியில் உட்கார மாட்டாள். பையன் ஃபோன் பண்ணினான், எப்ப வர்றேன்னு நச்சரிக்கிறான், நான்தான் இவளுக்கு ஒத்தாசையா இருக்கேன்னு சொல்லி வெச்சிருக்கேன் என்று அவர் காதில் விழும்படி என்னிடம் சொல்லுவாள். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுவாள், பெற்ற பிள்ளையை மட்டும் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டாள். எனக்கு எரிச்சலாக வரும். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், ஆமா அத்தை, அவர் அப்படித்தான், பாசக்காரர் என்பார்.

அந்த வருஷம் அப்பாவின் திதி ஒரு திங்கட்கிழமை வந்தது. திதி என்றால் பையன் வீட்டில்தான் படையல். அம்மா ஒரு வாரமாகத் தயாராகிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டு செவ்வாய்க்கிழமை திரும்புவதாகப் பேச்சு. அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனசே இல்லை. சர்க்கரை வியாதிக்காரி. கன்னடத்தில் பஸ் போர்டு படிக்கத் தெரியாது. அவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு வருவதாகச் சொன்னபிறகுதான் சரி என்றேன். போனவர் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே இறங்கிக்கொண்டு, போலீஸ்காரன் சத்தம் போடறான், நீங்க கிளம்புங்க மாப்ள, நானே பாத்துக்கறேன் என்று அம்மா விரட்டாத குறையாக அனுப்பிவிட்டாளாம்.

மூணு மணி வாக்கில் ஃபோன் அடித்தது. நான் கையில் கரண்டியோடு ஓடி வந்து பக்கத்தில் நின்றேன். ரெண்டு ரிங். நின்றுவிட்டது. போன மூச்சு திரும்பி வந்தது. அம்மா ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று கொஞ்ச நேரம் படுத்துத் தூங்கக்கூடச் செய்தேன்.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால் ஃப்ரிட்ஜ் மேலே அம்மாவின் மாத்திரை டப்பா. தன்னை மறந்தாலும் அதை மறக்கிறவள் இல்லை. அங்கேயே கடையில் வாங்கிக் கொடுக்கச் சொல்லலாம் என்று அண்ணன் வீட்டுக்கு ஃபோன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். நாளைக்குப் படையலை வைத்துக்கொண்டு விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கே போனார்கள்? எங்களிடம் செல்ஃபோன் இல்லை, அண்ணன் வாங்கியிருந்தான். அந்த நம்பரைத் தேடிப் போட்டேன்.

அண்ணன் எடுத்தான். பின்னால் வண்டி ஓடுகிற சத்தம், குழந்தைகள் கூச்சல், யாரோ சிரிக்கிறார்கள். அம்மாகிட்ட குடு என்றேன். அம்மாவா, உன்கூடத்தானே இருக்காங்க என்றான்.

அவன் சொன்னது இவ்வளவுதான். அண்ணி வீட்டார் எல்லாரும் சேர்ந்து வேன் பிடித்து ராமேஸ்வரம் போகிறார்கள். அங்கே கடலில் முழுகித் திதி கொடுத்தால் இன்னும் விசேஷம் என்று மாமனார் சொல்லிவிட்டார். அண்ணனின் மாமியார், மச்சினி, மச்சினியின் மாமியார் வரைக்கும் வண்டியில் இருக்கிறார்கள். நேற்று மத்தியானமே ஃபோன் பண்ணி அம்மாவிடம் சொல்லிவிட்டானாம், நீ வர வேண்டாம்மா, வீடு பூட்டியிருக்கும் என்று. மத்தியானம் என்றால் நான் கார்மென்ட்ஸில் இருந்த நேரம்.

"வேன்ல எடம் இல்லயா? அப்பாவுக்குத் திதி குடுக்கப் போற வேன்ல அம்மாவுக்கு எடம் இல்லயா?" என்று நான் கத்தினது எங்கள் சந்து முழுக்கக் கேட்டிருக்கும். அண்ணன் ஏதோ சொல்ல வந்தான், அதற்குள் லைன் போய்விட்டது.

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா தர்மபுரி போகவில்லை என்றால் எங்கே போனாள்? அப்போது மத்தியானம் ரெண்டு ரிங் விட்டது யார்? ராங் நம்பரா? எவனோ தப்பாகச் சுற்றிவிட்டு வைத்ததை நம்பி நான் தூங்கியிருக்கிறேனா? பூட்டின வீட்டுக்குத்தான் போனாளா, எங்கேயாவது சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தாளா, விழுந்தால் அவள் யாரென்று யாருக்குத் தெரியும், பையில் எங்கள் விலாசம் எழுதின காகிதம் ஒன்றாவது இருக்கிறதா. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து இதையெல்லாம் நான் வாய்விட்டுத்தான் கேட்டுக்கொண்டே போனேன். சிக்னலில் நின்றபோது அவர், நான் உள்ளே போய் ஏத்தி விட்டிருக்கணும் என்றார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு பயம் இன்னும் கூடிவிட்டது. எதற்கும் பதறாத மனுஷர்.

மெஜஸ்டிக்கில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஊருக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள் எல்லாரும் மூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் எதிரே ரயில்வே ஸ்டேஷனில் பார்த்துவிட்டு வருவதாகப் போனார். நான் பிளாட்பாரம் பிளாட்பாரமாக ஓடினேன். பச்சைப் புடவையும் நரைத்த தலையுமாக யார் தெரிந்தாலும் தோளைத் தொட்டுத் திருப்பினேன். ஒரு பாட்டியம்மா பயந்துபோய்க் கன்னடத்தில் திட்டினாள். டைம்கீப்பரிடம், காலையிலிருந்து யாராவது மயக்கம் போட்டு விழுந்தார்களா என்று எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் கேட்டேன். இல்லம்மா என்று அவர் தமிழிலேயே சொன்னார்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று கண்டக்டர்கள் கூவுகிற இடத்துக்கு நான் கடைசியில்தான் போனேன். போகாதவள் அங்கே ஏன் இருக்கப் போகிறாள் என்று நினைத்திருந்தேன். அங்கேதான் இருந்தாள். ஒரு தூணில் சாய்ந்து, தரையில் புடவைத் தலைப்பை விரித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, ஊருக்குப் போகிற பஸ்ஸையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உரித்த ஆரஞ்சுத் தோல் கிடந்தது. அதற்கு மேல் அவள் அன்றைக்கு எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

நான் எதிரே போய் நின்றேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். மாட்டிக்கொண்ட முகமாக இல்லை. நான் வந்ததுதான் தப்பு என்பது மாதிரி பார்த்தாள்.

"ரெண்டு ரிங் விட்டேனே. கேக்கலயா?" என்றாள்.

பஸ் போய்ச் சேருகிற நேரத்தைக் கணக்குப் பண்ணி, இங்கேயே ஒரு காயின் ஃபோனில் யாரிடமோ எங்கள் நம்பரைப் போட்டுத் தரச் சொல்லி, ரெண்டு ரிங் விட்டிருக்கிறாள். யாரும் எடுக்காததால் போட்ட ஒரு ரூபாயும் திரும்பி வந்துவிட்டதாம், அதையும் சொன்னாள். ராத்திரி ஸ்டேஷனில் பொம்பளைங்க நிறையப் பேர் படுத்திருப்பார்களாம், அவளும் படுத்துக்கொள்வாளாம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஊரிலிருந்து வருகிற மாதிரி வீட்டுக்கு வருவாளாம். ஏம்மா இப்படி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். உன்கிட்ட சொன்னா உங்க அண்ணனைக் கிழிச்சுத் தோரணம் கட்டுவே என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

"மாப்ளைக்குத் தெரியுமாடி?"

அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நாள் முழுக்கத் தூணில் சாய்ந்து கிடந்ததும், சாப்பிடாமல் இருந்ததும் அந்த ஒரு மனுஷருக்குத் தெரியாமல் இருப்பதற்காக. சொந்த அப்பன் திதிக்கு மாமியாரை அழைத்துக்கொண்டு போனவன், பெற்றவளை விட்டுவிட்டுப் போனான் என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்தால், அப்புறம் அவள் எங்கள் வீட்டில் எந்த முகத்தோடு இருப்பாள்? நான் என்ன சொல்ல? ஃபோனில் நான் கத்தினபோது அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். வேனில் இடமில்லாத கதையை என் வாயாலேயே கேட்டவர். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், குனிந்து பையை எடுத்துக்கொண்டார். "என்ன அத்தை, பஸ் ரிப்பேர் ஆகி நடுவழியில நின்னு போச்சா? இந்த ரூட்டு வண்டிங்களே இப்படித்தான்" என்றார்.

அம்மா ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு, ஆமா மாப்ள என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. ஓசூர்கூடத் தாண்டவில்லையாம், குபுகுபுவென்று புகையாம், டிரைவர் இறங்கிப் பார்த்துக் கையை விரித்துவிட்டானாம். அவரும் அப்படியா, அப்படியா என்று கேட்டுக்கொண்டு, வெளியே வந்து ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே நடந்தார். மூணு பேர் ஏற முடியாது என்று அம்மாவையும் என்னையும் ஒரு ஆட்டோவில் ஏற்றினார். இனிமே கிளம்பினா நடுராத்திரிதான் போய்ச் சேருவீங்க, இங்கயே இருங்க அத்தை என்றார். அதுவும் சரிதான் மாப்ள என்றாள். ரெண்டு ரிங்கைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மறுநாள் நான் லீவு போட்டேன். லீவு போட்டதே அண்ணனுக்காகத்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று விடிந்ததிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பட்டறைக்குக் கிளம்பினபோது சமையல்கட்டு மேடையில் ஒரு பை இருந்தது. விடியற்காலையிலேயே மார்க்கெட் போய் வந்திருக்கிறார். உள்ளே வாழை இலை, வாழைக்காய், பாகற்காய். திதிக்கு வாங்குகிற காய்கள். வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மா வாழைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். மாப்பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று அவளுக்கு அப்போது தெரிந்திருக்கும். ஆனால் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அரிவாள்மனையை எடுத்துப் போட்டு நறுக்க ஆரம்பித்தாள். பெண் வீட்டில் படையல் போடக் கூடாது, இது சும்மா சமையல்தான் என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டாள். சமைத்து முடித்த பிறகும் சாப்பிட உட்காரவில்லை. அங்கே அவன் கொடுத்து முடிக்கட்டும் என்று வெறும் வயிற்றோடு சுவரில் சாய்ந்துகொண்டாள். முந்தின நாளும் பட்டினி. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டுக்கொள்ளும்மா என்று கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை. அவள் நெற்றியில் வியர்வை பூத்துக்கொண்டே இருந்தது. இனி பொறுக்க முடியாது, அண்ணனைக் கேட்டுவிடுவது என்று ஃபோனிடம் போனேன்.

நான் கையை வைப்பதற்குள் அதுவே அடித்தது. ஒரு ரிங். ரெண்டு ரிங். நின்றுவிட்டது.

அம்மா தலையைத் தூக்கினாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"நல்லபடியா முடிச்சுட்டான்" என்றாள்.

அது அண்ணனாகவும் இருக்கலாம். ராங் நம்பராகவும் இருக்கலாம். யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீட்டின கையை இறக்கிக்கொண்டு, ஆமாம்மா, முடிச்சுட்டான் என்றேன். அவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, இலையைப் போடு, பசிக்குது என்றாள்.